ஒரு கோடிக்குள் எஸ்யூவி: அம்மாவுக்கு முழங்கால், எனக்கு திம்பம் மலை. எதை எடுப்பது?

தறிப்பட்டறை (ஈரோடு):

வணக்கம்ங்க. இப்போது ஓட்டுவது 2016 இன்னோவா கிரிஸ்டா. 2,10,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. இஞ்சினில் ஒரு குறையும் சொல்ல முடியாது, ஆனால் மனசு வேறு வண்டி கேட்கிறது. மச்சான் போன வருஷம் ஒரு சொகுசு எஸ்யூவி எடுத்தான். அதில் ஒரே ஒரு தடவை அவினாசி வரை போய் வந்தேன், அன்றிலிருந்து பிடித்த நோய் இது.

ரோட்டுக்கு இறங்கும்போது ஒரு கோடியைத் தாண்டக் கூடாது. புதுசோ, மூன்று வருஷம் ஓடிய பழசோ, எதுவானாலும் சரி. வீட்டில் ஐந்து பேர். அம்மாவுக்கு 74 வயசு, இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆனது. சின்னவளுக்கு மலை ஏறினால் வாந்தி. மாதம் இரண்டு முறை சென்னை போகிறோம், சேலம், ஆத்தூர், உளுந்தூர்பேட்டை வழியாக. அக்காவை மைசூரில் கொடுத்திருக்கிறோம், அதனால் வருஷத்துக்கு ஐந்தாறு தடவை திம்பம் மலை ஏறி இறங்க வேண்டும். கோபி பக்கம் கொஞ்சம் மஞ்சள் காடும் உண்டு.

பார்த்து வைத்திருப்பது பிஎம்டபிள்யூ எக்ஸ்5 டீசல், மெர்சிடிஸ் ஜிஎல்இ 300டி, வால்வோ எக்ஸ்சி90. மச்சான் வாயைத் திறந்தால் 0-100 எத்தனை செகண்டு என்பதுதான். பட்டறைக் கணக்குப்பிள்ளை ஃபார்ச்சூனரே போதும் என்கிறார். யூடியூபில் பேசுகிறவர்களை விடுங்கள், நிஜமாக ஓட்டியவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

காட்டுவழி (கோபி):

கணக்குப்பிள்ளை சொன்னதைக் கேளுங்க. ஃபார்ச்சூனர் 2.8 டீசல் ஆட்டோமேட்டிக், 204 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர் இழுவிசை, லாரி மாதிரி தனிச் சட்டத்து மேல உடம்பைப் பூட்டின லேடர் ஃபிரேம். திம்பத்துக்கு மேல ஆசனூர்ல நின்னாலும் பார்க்கத் தெரிஞ்ச மெக்கானிக் கிடைப்பான். நீங்க சொன்ன மூணுக்கும் கோயமுத்தூர்ல இருந்து லாரி வரணும். எங்ககிட்ட ஒண்ணு ஆறு வருஷமா இருக்கு. ஆயில் மாத்தினோம், டயர் மாத்தினோம், அவ்வளவுதான்.

தூக்கிப்போடும், அதை மறைக்க மாட்டேன். அம்மாவை நடுசீட்ல உட்கார வெச்சு ஒரு தடவை சென்னை கூட்டிட்டுப் போங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க.

சில்லறைக்கணக்கு (சேலம்):

வண்டியைப் பிறகு பேசுவோம், முதலில் ஒரு கோடி என்கிற எண்ணைப் பார்ப்போம். 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். 90 லட்சம் ஷோரூம் விலை என்றால் வரியே 18 லட்சம், இன்சூரன்ஸ் தனி. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்யூவிக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்த 50 சதவீதம் போய் 40 ஆனது, விலையும் இறங்கியது. அப்படியும் ஆன் ரோடு ஒரு கோடிக்குள் நிற்க வேண்டுமானால் ஷோரூம் விலை 80 லட்சத்தை ஒட்டி இருக்க வேண்டும். நீங்கள் சொன்ன மூன்றில் எதுவும் புதுசாக அந்த விலையில் வராது.

ஆகவே பழசுதான். அதிலும் தமிழ்நாடு நம்பராகப் பாருங்கள், முதல் ஆள் வரியைக் கட்டிவிட்டுத்தான் போயிருப்பார். டெல்லி நம்பர் மலிவாகத் தெரியும். இங்கே மாற்றும்போது இங்கத்து வரியைக் கட்ட வேண்டும், அங்கே முன்பு கட்டியதைத் திருப்பி வாங்க அலைய வேண்டும்.

மச்சான் வாயை அடைக்க: 2023-இல் வந்த புது முக எக்ஸ்5 30டி 286 குதிரைத்திறன், 650 நியூட்டன் மீட்டர், 0-100க்கு 6.1 செகண்டு. அதற்கு முந்தையது 265, 620, 6.5 செகண்டு. பழைய ஜிஎல்இ 300டி 245 குதிரைத்திறன், 7.2 செகண்டு. எக்ஸ்சி90 2021 கடைசியிலிருந்து நம்ம ஊரில் பெட்ரோல்தான், அப்போது வந்ததற்கு பி6 என்று பெயர், 300 குதிரைத்திறன். வால்வோ டீசல் தயாரிப்பையே உலக அளவில் 2024 தொடக்கத்தில் நிறுத்திவிட்டது. இன்னொன்று, எக்ஸ்5 நம்ம செங்கல்பட்டுப் பக்கம் மகேந்திரா சிட்டியில் பூட்டுகிற வண்டி. இதனால் உங்களுக்கு ஒரு ரூபாயும் குறையப் போவதில்லை, சும்மா சொன்னேன்.

ஆக்டிங் டிரைவர் (கோயமுத்தூர்):

ஏனுங்க, நான் சொல்லலாமுங்களா? எனக்குச் சொந்தமாக இருப்பது ஒரு ஸ்பிளெண்டர். ஆனால் 14 வருஷமாக ஆக்டிங் டிரைவர். நீங்கள் எழுதிய மூன்றையும் ஓட்டியிருக்கிறேன், அது போக ஆடி க்யூ7, ரேஞ்ச் ரோவர். ஓனர்கள் முன்சீட்டில் உட்கார்ந்து பேசுவதை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். பின்சீட்டில் உட்கார்ந்தவர்கள் பேசுவதை நான்தான் கேட்கிறேன். கீழே கம்பெனிப் பெயர் சொல்லாமல் எழுதியிருந்தால் வேண்டுமென்றே விட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், பிழைப்பு நடக்க வேண்டும்.

0-100 எந்த ஓனரும் போவதில்லைங்க. வாங்கிய முதல் வாரம் நீலாம்பூர் பைபாஸில் ஒரு தடவை, மச்சானை ஏற்றிக்கொண்டு ஒரு தடவை. அதோடு சரி. பவர் வேலைக்கு ஆவது வேறு இடத்தில். உங்கள் சென்னை ரூட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சேலம்–உளுந்தூர்பேட்டையில் நாலுவழி ரோடு ஊர் பைபாஸ் வந்ததும் இருவழியாகச் சுருங்கும், அப்படித்தான் ரொம்ப வருஷம் கிடந்தது. முன்னால் நெல் லாரி, எதிரே பஸ் லைட். கிரிஸ்டாவில் நான் மனசுக்குள் கணக்குப் போடுவேன்: இப்போது மிதித்தால் டர்போ எப்போது பிடிக்கும், லாரி மூஞ்சியைத் தாண்ட எவ்வளவு தூரம் வேண்டும். ஆறு சிலிண்டர் டீசலில் அந்தக் கணக்கே வேண்டாம். 60-இல் காலை வைத்தால் 90-இல் லாரிக்கு முன்னால் இருப்பீர்கள். எதிர்ப்பக்கத்து வழியில் நீங்கள் இருக்கிற நேரம் பாதியாகிவிடும். நான் சொல்கிற பெர்ஃபார்மன்ஸ் இதுதான், வேறில்லை.

அதே வண்டியில் இருக்கிற கெடுதலும் சொல்லிவிடுகிறேன். 120-இல் போகும்போது 80 மாதிரி இருக்கும். சத்தம் இல்லை, ஆட்டம் இல்லை. இரண்டு டன்னுக்கு மேல் கனம் என்பது பிரேக்கை மிதிக்கும்போதுதான் ஞாபகம் வரும்.

திம்பத்துக்கு வருவோம். 27 கொண்டை ஊசி. 2022 பிப்ரவரியில் ராத்திரித் தடை வந்ததிலிருந்து லாரி எல்லாம் பகலில்தான் ஏறுகிறது, வளைவுக்கு ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். ஏறுவதில் இந்த வண்டிகளுக்குக் கஷ்டமே இல்லை. இறங்கும்போதுதான் பார்க்க வேண்டும். ஆட்டோமேட்டிக் என்று டி-யில் போட்டுவிட்டு அடிவாரத்துப் பண்ணாரி வரை பிரேக்கிலேயே காலை வைத்து வருகிறார்கள். போன வருஷம் ஒரு ஓனர் தானே ஓட்டுகிறேன் என்று வாங்கிக்கொண்டார். ஒன்பதாவது வளைவில் கருகல் வாடை. இறங்கிப் பார்த்தால் முன் வீலிலிருந்து லேசாகப் புகை. வண்டி மேல் தப்பில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிற துடுப்பைத் தட்டி இரண்டாவது, மூன்றாவது கியரில் பிடித்து வைத்தால் இஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். மூன்று வருஷமாக அந்தத் துடுப்பு எதற்கென்றே அவருக்குத் தெரியாதாம், பாட்டு மாற்றுகிற பட்டன் என்று நினைத்திருந்தாராம்.

குழந்தைக்கு வாந்தி என்றீர்கள். இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்று அடைத்த ரப்பர்ப் பை) வண்டியை கம்ஃபர்ட் மோடில் போட்டு மலை ஏறினால் படகு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து மெதுவாக நிமிரும். பின்னால் இருக்கிறவர்களின் தலை வளைவுக்கு வளைவு ஆடும், பத்தாவது வளைவுக்குள் கவர் கேட்பார்கள். மலையில் ஸ்போர்ட் போடுங்கள், வேகத்துக்கு அல்ல, வாந்திக்கு. வண்டி சாயாது, தலை ஆடாது. கூடவே இஞ்சின் துள்ளும், அதைக் காலில் அடக்கிக்கொள்ள வேண்டும். மேலே ஆசனூர் வந்ததும் கம்ஃபர்ட்டுக்கு மாற்றிவிடலாம்.

இப்போது அம்மா. பொள்ளாச்சியில் ஒரு வீட்டுக்கு அடிக்கடி போவேன். அங்கே ஒரு பாட்டியம்மா, உங்கள் அம்மா வயசுதான் இருக்கும். அந்த வீட்டில் வந்த புது வண்டிக்கு அழகுக்காக ஃபுட்போர்டு மாட்டியிருந்தார்கள். மழை நாள். பாட்டி ஃபுட்போர்டில் ஏறவும் முடியவில்லை, அதைத் தாண்டி சீட்டை எட்டவும் முடியவில்லை. சேலைக் கொசுவம் முழுக்க அந்தப் பலகையில் இருந்த சேறு. வெள்ளிக்கிழமை, கோயிலுக்குக் கிளம்பின நேரம். பாட்டி ஒரு வார்த்தை பேசவில்லை, வீட்டுக்குள் போய் வேறு சேலை கட்டிக்கொண்டு பழைய காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

முழங்கால் மடங்காதவர்கள் காரில் ஏறுகிற விதமே வேறுங்க. முதுகைத் திருப்பி, முதலில் சீட்டில் உட்கார்ந்து, அப்புறம் இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே தூக்கி வைப்பார்கள். அதற்கு சீட்டு அவர்கள் இடுப்புக்கு நேராக இருக்க வேண்டும், கதவு நன்றாக விரிய வேண்டும், கதவுக்குக் கீழே இருக்கிற வாசல்பட்டி அகலம் குறைவாக இருக்க வேண்டும். கதவை மூடிப் பாருங்கள். சில வண்டிகளில் கதவு கீழ்ப்பட்டியையும் சேர்த்து மூடும், அப்போது சேறு பட்டியில் ஒட்டாது, சேலையிலும் ஒட்டாது. ஏர் சஸ்பென்ஷன் இருந்தால் இறக்கிக்கொள்ள முடிகிறதா, நிறுத்தியதும் தானாக இறங்குகிறதா என்று கேளுங்கள். உங்கள் பணத்தில் பாதி அந்த ஓர் அங்குலத்துக்குத்தான் போகிறது, மச்சானுக்குத் தெரியாது.

டயர். 20, 21 இஞ்ச் வீல் போட்டோவில் நன்றாக இருக்கும். ஆனால் வீல் பெரிசானால் டயரின் பக்கச்சுவர் சின்னதாகும், பள்ளத்தில் விழுந்தால் அந்த இரண்டு விரல் ரப்பர்தான் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில். ஆத்தூர் தாண்டி ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு வண்டியில் எனக்கு டயர் பக்கவாட்டில் வெடித்துக் கிழிந்தது. டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி இல்லை, ஒரு காற்று பம்பும் பசை டப்பாவும் இருந்தன. கிழிசலைப் பசை அடைக்குமா? விடிகாலை நாலரைக்கு லாரி வந்தது. அதுவரை ஓனர் குடும்பம் ஒரு பேக்கரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. ரன்ஃபிளாட் டயர் இருந்தால் காற்று போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் சுமார் 80 கிலோமீட்டர் ஊர்ந்து போய்விடலாம். அது பஞ்சருக்கு, கிழிசலுக்கு அல்ல. சின்ன வீல் உள்ள மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள், டிக்கியில் ஸ்டெப்னிக்கு இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சென்னையில் எங்கே நிறுத்துவீர்கள்? உங்கள் சொந்தக்காரர் அடுக்ககத்தில் இரண்டடுக்கு லிஃப்ட் பார்க்கிங் என்றால் வாட்ச்மேன் இந்த வண்டியைப் பார்த்ததுமே கையை ஆட்டிவிடுவார், கனம் தாங்காது. எக்ஸ்5 கண்ணாடி சேர்க்காமலே இரண்டு மீட்டர் அகலம். திரும்புவதில் ரேஞ்ச் ரோவர் ஒன்றுதான் என்னை ஆச்சரியப்பட வைத்தது, 2022-இல் வந்ததில் பின்சக்கரமும் திரும்பும், அந்தப் பெரிய உடம்பு சின்னக் கார் மாதிரி வளைந்துவிடும். விலை உங்கள் கணக்கில் வராது, விடுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். சென்னை, மைசூர் சரி. மற்ற நாளில் வண்டி எவ்வளவு ஓடும்?

தறிப்பட்டறை (ஈரோடு):

அண்ணா, பொள்ளாச்சிப் பாட்டி கதையை வீட்டில் படித்துக் காட்டினேன். அம்மா எதுவும் சொல்லாமல் எழுந்து போய் காபி போட்டுக்கொண்டு வந்தார். போன வாரம் மச்சான் வண்டியில் ஏறத் திணறியது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

மற்ற நாளில் வீட்டிலிருந்து பட்டறை நாலு கிலோமீட்டர். காலையில் போவேன், மத்தியானம் சாப்பாட்டுக்கு வருவேன், மறுபடி போவேன், ராத்திரி திரும்புவேன். ஏன் கேட்டீர்கள்?

கரிவாடை (கோயமுத்தூர், சொந்த ஒர்க்‌ஷாப்):

டிரைவர் அண்ணா எதற்குக் கேட்டார் என்று நான் சொல்கிறேன், எனக்குச் சோறு போடுகிற விஷயமே அதுதான். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு இந்த மாதிரி டீசல் கார்களில் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கிற வடிகட்டி இருக்கும், டிபிஎஃப் என்பார்கள். கரி நிறைந்ததும் வண்டி தானே கூடுதல் டீசல் விட்டு, வடிகட்டியைக் கிட்டத்தட்ட 600 டிகிரிக்குச் சூடாக்கி எரித்துத் தள்ளும். அதற்குப் பதினைந்து இருபது நிமிஷம் விடாமல் ஓட வேண்டும். நாலு கிலோமீட்டரில் இஞ்சினே சரியாகச் சூடாகாது. எரிக்கத் தொடங்குகிற நேரத்தில் நீங்கள் பட்டறை வாசலில் சாவியை அணைத்துவிடுவீர்கள். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறும். ஆயில் ஏறியிருக்கிறதே, நல்லதுதானே என்று ஒருவர் என்னிடம் கேட்டார்.

மாதம் இரண்டு சென்னை ட்ரிப் உங்களைக் காப்பாற்றும், நடுவில் உள்ள பதினைந்து நாளுக்கு அது போதுமா என்பதுதான் கேள்வி. உங்கள் பழைய கிரிஸ்டா முந்தைய பிஎஸ்4 விதிக்கு வந்த வண்டி, அதில் இந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் இத்தனை வருஷம் உங்களுக்கு இது தெரியவில்லை. இதோடு ஆட்ப்ளூ வேறு. புகையைச் சுத்தம் செய்கிற யூரியாத் தண்ணீர், தனி டேங்க். சுத்தமாகத் தீர்ந்தால் அணைத்த வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது. அதற்கு முன்னால் எத்தனை கிலோமீட்டர் மிச்சம் என்று கெஞ்சிக்கொண்டே வரும், அலட்சியம் செய்யாதீர்கள்.

ஏர் சஸ்பென்ஷன் பழசில் வாங்கினால் ஒரு வேலை செய்யுங்கள். ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்த வண்டியை, யாரும் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், காலையில் போய்ப் பாருங்கள். சமதளத்தில் நாலு வீலுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை வைத்து அளந்து பாருங்கள். ஒரு மூலை இரண்டு விரல் இறங்கியிருந்தால் அந்த ரப்பர்ப் பை கசிகிறது. கசிவை ஈடுகட்டக் காற்று அடைக்கிற கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும், அப்புறம் அதுவும் போகும். பை மட்டும் போயிருக்கும்போது மாற்றினால் ஒரு செலவு, கம்ப்ரஸரோடு போனால் இரண்டு செலவு. புரோக்கர் வண்டியைக் கழுவி ஸ்டார்ட் செய்து நிறுத்தியிருந்தால் மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

எலியை யாரும் சொல்லவில்லை. மஞ்சள் குடோன் பக்கம் நிறுத்துவீர்களானால் அதுதான் முதல் பயம். எலி ஒரு ஒயரைக் கடித்தாலும் இந்த வண்டிகளில் ஒயர் கட்டையே மொத்தமாக மாற்றுவது மாதிரிதான் கம்பெனியில் கொட்டேஷன் போடுவார்கள்.

ஆக்டிங் டிரைவர் (கோயமுத்தூர்):

மெக்கானிக் தம்பி சரியாகச் சொல்லிவிட்டார். அப்படியானால் என் கணக்கு இது. நாலு கிலோமீட்டர் பட்டறைக்குக் கிரிஸ்டா போகட்டும், அதை விற்காதீர்கள். பெரிய வண்டி வெளியூருக்கு மட்டும் என்றால் எக்ஸ்5 டீசல், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். ஓட்டுகிறவனுக்கு அதைவிட நிம்மதி இந்த மூன்றில் இல்லை. இல்லை, ஒரே வண்டிதான் எல்லாவற்றுக்கும் என்றால் எக்ஸ்சி90 பெட்ரோல். லாரியைத் தாண்டுகிற இடத்தில் ஆறு சிலிண்டர் டீசலின் அந்த அமைதியான இழுவை இருக்காது, இஞ்சின் கொஞ்சம் கத்தும். மைலேஜும் டவுனுக்குள் ஏழு எட்டுதான் எனக்குக் கிடைத்தது. ஆனால் மூன்றாவது வரிசை உண்டு, பின்சீட்டுப் பிள்ளைகள் அதில் தூங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஜிஎல்இயில் பின்னால் கால் வைக்க நல்ல இடம், முந்தைய தலைமுறையைவிட நீட்டி விட்ட வண்டி. ஓனர் பின்னால் உட்காருகிற வீட்டுக்கு அது. நீங்கள் முன்னால் உட்காருகிற ஆள் மாதிரி தெரிகிறது.

எதை எடுத்தாலும் உள்ளே வெள்ளை லெதர் வேண்டாம்ங்க. ஈரோட்டுக்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு சாக்கு மஞ்சள் டிக்கியில் ஏற்றினால் அந்தக் கறை வண்டியோடு கூடவே வரும்.

தறிப்பட்டறை (ஈரோடு):

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோயமுத்தூர் போய் நாலு பழைய வண்டி பார்த்தோம். அண்ணா சொன்ன பாட்டி கதை ஞாபகத்தில் அம்மாவைப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வரச் சொன்னேன், எதற்கென்று கேட்டுத் திட்டிக்கொண்டே கட்டிக்கொண்டார். விற்கிறவர் இஞ்சின் பவர் பற்றி ஆரம்பித்தார். அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. பின்கதவைத் திறந்து முதுகைத் திருப்பி உட்கார்ந்து பார்த்தார். முதல் வண்டியில் எட்டவில்லை. இரண்டாவதில் உட்கார்ந்தார், ஆனால் காலை உள்ளே எடுக்கும்போது முன்சீட்டு இடித்தது. மூன்றாவது வால்வோ, 2022 மாடல், சாவி கொண்டுவந்து இறக்கிக் காட்டினார்கள். ஒரே மூச்சில் உட்கார்ந்து காலை உள்ளே வைத்துவிட்டு, "இது பரவால்ல, ஆனா தலைக்கு மேல புடிக்கறதுக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட இருந்தா தேவல" என்றார். நாலாவதைப் பார்க்கவே வரவில்லை, அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை ஆறரைக்கே போய் நாலு மூலையிலும் கையை வைத்து அளந்தேன். சமமாக இருக்கிறது. உள்ளே கறுப்பு லெதர். மச்சானுக்கு இன்னும் சொல்லவில்லை, அவன் டீசல் டீசல் என்று குதிப்பான். கிரிஸ்டாவை விற்பதா வைத்துக்கொள்வதா என்று மட்டும் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. விலையில் இன்னும் ஒன்றரை லட்சம் குறைக்கக் கேட்டிருக்கிறேன். டிரைவர் அண்ணா, முதல் மைசூர் ட்ரிப்புக்கு நீங்கள்தான் வர வேண்டும், மலை இறங்கும்போது கியரைப் பிடித்து வைப்பதை எனக்குச் சொல்லிக்கொடுங்கள்.

ஆக்டிங் டிரைவர் (கோயமுத்தூர்):

வர்றனுங்க. ஞாயிறு வேண்டாம், திம்பத்தில் கூட்டம் தாங்காது. செவ்வாய் புதன் பார்த்துச் சொல்லுங்க. வெறும் வயித்துலயும் பிள்ளையை ஏத்தாதீங்க, பண்ணாரியில ரெண்டு இட்லி குடுத்துட்டு ஏத்துங்க.